சேலத்தை விட்டுப் பூலாம்பட்டிக்குக் குடிபோகலாமா?

அம்மாபேட்டை மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் கொஞ்ச நாளாகவே ஒரே பேச்சு, முடிவுக்கு வர முடியவில்லை. அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் சேலம் அம்மாபேட்டை. வீட்டுக்காரர் நூல் கடைகளுக்கும் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கும் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறார். முக்கால்வாசி வேலை கம்ப்யூட்டரில்தான். வாரத்துக்கு ஒரு தடவை செவ்வாய்ப்பேட்டை போய் பில் கட்டுகளை வாங்கி வந்தால் போதும். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மகன் பத்தாவது. மாமியாருக்கு எழுபத்து நாலு வயது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு.

எடப்பாடியைத் தாண்டிக் காவிரிக் கரையில் இருக்கிற பூலாம்பட்டியில் மாமியாரின் அக்கா இருக்கிறார். எங்களுக்குப் பெரியம்மா. தனியாகத்தான் இருக்கிறார். அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. பின்னால் தென்னை ஏழெட்டு, ஒரு கிணறு. திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போய்வருவது தெரியும். மாமியாரை அங்கே கூட்டிப் போனால் மாத்திரை போடச் சொல்லவே வேண்டியதில்லை, தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். விடிந்ததும் பெரியம்மாவோடு படித்துறைக்குக் கிளம்பிவிடுகிறார். இங்கே என்றால் டிவி முன்னால் நாற்காலி, அதைவிட்டால் கட்டில்.

சேலத்திலும் ஆறு இருக்கிறது, திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு. டவுனுக்குள் நுழைந்ததும் சாக்கடை ஆகிவிடுகிறது. அதன் ஓரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போதெல்லாம் மனசு கனக்கும். அந்தப் பக்கம் காவிரியைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் அதிகமாகவே கனக்கிறது.

அந்த வீட்டை வாங்க வேண்டுமென்றால் இந்த வீட்டை விற்றாக வேண்டும். விற்கலாமா?

கதவணைக்கரை எழுதியது:

அக்கா, வணக்கம். நான் பூலாம்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். பாக்குத் தோப்பும் கொஞ்சம் வாழையும் வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற பூலாம்பட்டி வேறு, இங்கே குடியிருக்கிற பூலாம்பட்டி வேறு.

எங்கள் ஊரில் ஆறு வருஷம் முழுக்க நிறைந்து கிடப்பதற்குக் காரணம் கதவணை, அதாவது ஆற்றுக்குக் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டின தடுப்பணை. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் அரை டிஎம்சி அளவுக்குத் தண்ணீரைத் தேக்கும். நெருஞ்சிப்பேட்டை கதவணை தேக்குகிற தண்ணீர்தான் எங்கள் படித்துறையில் நிற்பது. அதனால்தான் மேட்டூரில் தண்ணீர் குறைந்த கோடையிலும் இங்கே கடல் மாதிரி இருக்கும். சினிமாக்காரர்கள் குட்டிக் கேரளா என்று வருவதும் அதனால்தான்.

பராமரிப்புக்காகக் கதவைத் திறந்துவிட்டால் கதை மாறிவிடும். தண்ணீர் வடிந்து பாறை தெரியும். கீழ்ப்படிகளில் பாசியும் சேறும், அதில் சிக்கின பழைய துணி, பூஜை சாமான், சாமி படம் எல்லாம் வெளியே வரும். வெயில் ஏறினால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள். படகும் ஓடாது. வேலை முடிந்து திரும்பத் தேக்குகிற வரைக்கும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் அந்தச் சமயத்தில் வந்து பார்த்தால் இதுவா அந்த ஊர் என்று கேட்பார்கள். நீங்கள் அந்தச் சமயத்தில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

நெட் பற்றி அண்ணன் கவலைப்பட வேண்டாம், என் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. ஆடிக்காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தால் மட்டும் ஆள் வருகிற வரை காத்திருக்க வேண்டும். கொசு உண்டு. ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஆற்றோரத் தெருவில் வண்டியை வெளியே எடுக்க முடியாத அளவுக்குக் கூட்டம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறு கண் எழுதியது:

அம்மணி, மேட்டூரிலிருந்து எழுதுகிறேன். அணைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த வீட்டுத் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.

மேட்டூர் அணை 120 அடி, 93.47 டிஎம்சி. அது நிரம்பாத வரைக்கும் கீழே ஆற்றில் என்ன போக வேண்டும் என்று இங்கே முடிவாகும். வழக்கமாக ஜூன் 12 டெல்டாவுக்குத் திறப்பார்கள். இருபதாயிரத்துச் சொச்சம் கன அடி வரைக்கும் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியாகவே போய்விடும். ஊர்க்காரர்கள் படித்துறையில் உட்கார்ந்து துணி துவைப்பதெல்லாம் அந்த அளவில்தான்.

அணை நிரம்பிவிட்டது, கர்நாடகத்திலிருந்து வரத்து நிற்கவில்லை என்றால் முடிவு நம் கையில் இல்லை. வருகிறதை அப்படியே, உபரி நீர் போகிற 16 கண் மதகு வழியாக விட்டாக வேண்டும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் 2 லட்சம் கன அடி அளவுக்குப் போனது. 2019, 2024இலும் 16 கண் திறந்தார்கள். கீழே கதவணைகளில் ஷட்டரை எல்லாம் தூக்கிவிடுவார்கள். கதவணை தண்ணீரைத் தேக்கத்தான், வெள்ளத்தை நிறுத்துவதற்கு அல்ல. இங்கே திறந்தால் சில மணி நேரத்தில் உங்கள் பக்கம் வந்துவிடும். மைக் வைத்த வண்டி வரும், விஏஓ வந்து எழுந்திருங்கள் என்பார். எழுபத்து நாலு வயதில் ராத்திரி எழுந்து கல்யாண மண்டபத்துக்குப் போவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

2022இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்கிறவரிடம் கேட்காதீர்கள். படகு ஓட்டுகிறவரைக் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள். அப்புறம் வீட்டுக்குள் போய், அலமாரியையோ நெல் பெட்டியையோ கொஞ்சம் நகர்த்தச் சொல்லிச் சுவரைப் பாருங்கள். வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடலாம், பெட்டிக்குப் பின்னால் யாரும் அடிக்க மாட்டார்கள். தண்ணீர் நின்றிருந்தால் உப்புப் பூத்து ஒரே மட்டத்தில் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே காரை விரலால் தட்டினால் உதிரும்.

ஏற்காட்டு வாசி எழுதியது:

சகோதரி, வெயிலுக்குப் பயந்துதான் ஆறு என்றால் ஏற்காட்டையும் யோசிக்கலாமே?

சங்ககிரி லாரி எழுதியது:

ஏற்காடு வயசான அம்மாவுக்கு எப்படிச் சரிப்படும்? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறணும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதே. அங்கே வீடு கட்டவும் மலைப்பகுதிச் சட்டம் தனி. அக்கா கேட்டது ஆற்றங்கரை, அதைப் பேசுவோம்.

வழி பற்றிச் சொல்கிறேன். சேலத்திலிருந்து மகுடஞ்சாவடி, கொங்கணாபுரம், எடப்பாடி, பூலாம்பட்டி. கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். சனிக்கிழமை கொங்கணாபுரத்தில் ஆட்டுச்சந்தை. காலையில் அந்த வழியில் வந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும். அண்ணன் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற நாளைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ள வேண்டாம். எடப்பாடி வரைக்கும் பஸ்ஸுக்குக் குறையில்லை. எடப்பாடியிலிருந்து ஊருக்கு ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

நான் சேலத்தில் நர்ஸ். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருக்கிற எழுபத்து நாலு வயது அம்மா என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தினசரி மருத்துவத்துக்கு ஊரில் கஷ்டம் இல்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். 2021இலிருந்து இருக்கிறது, பெயரைப் பதிந்துவிடுங்கள். நான் பயப்படுவது பக்கவாதத்துக்கு. வாய் ஒரு பக்கம் கோணினது, கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் நீங்கள் பார்த்ததிலிருந்து கணக்கில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. தலை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அந்த ஊசியைப் போட முடியாது.

ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவரை விடியலில் பார்க்கிறீர்கள் என்றால் நேரம் ஏற்கெனவே போயிருக்கும். மிச்சத்தையும் ரோட்டில் செலவழிக்கக் கூடாது. ஸ்கேன் எங்கே இருக்கிறது, 108 எங்கிருந்து வரும், எடப்பாடியில் நிறுத்தி நேரத்தை இழக்காமல் நேராக எங்கே போவது, இதெல்லாம் குடிபோகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு சீட்டில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கதவணைக்கரை எழுதியது:

சிஸ்டர் சொல்வது சரிதான். ஆனால் இதைப் படித்தால் ஊரில் இருக்கிற வயசானவர்கள் எல்லாம் ஆபத்திலேயே வாழ்கிற மாதிரி இருக்கிறது. என் அப்பாவுக்கு எண்பதுக்கு மேல். தினமும் தோப்புக்கு நடக்கிறார். டவுனில் ஐந்து ரோடு சிக்னலில் ஆம்புலன்ஸ் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

எதிர்க்கரையை யாரும் சொல்லவில்லை. கதவணைப் பாலத்தைத் தாண்டினால் நெருஞ்சிப்பேட்டை, அங்கே மேட்டூர் பவானி மெயின் ரோடு. பவானி, ஈரோடு போக நாங்கள் அந்த வழிதான். அவசரத்துக்கு இரண்டு மாவட்டமும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

வார்டு சிஸ்டர் எழுதியது:

அண்ணா, ஊரைக் குறை சொல்லவில்லை. உங்கள் அப்பா நடக்கிறார், தோப்பில் வேலை இருக்கிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். அந்த நாலு பேர் இந்த அம்மாவுக்குக் கிடைப்பார்களா என்பதுதான் என் கேள்வி. எதிர்க்கரை வழி நல்ல யோசனை. வெள்ளம் போகிற நாளில் பாலத்தில் வண்டி விடுவார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

கதவணைக்கரை எழுதியது:

தண்ணீர் ரொம்ப அதிகமானால் நிறுத்துவார்கள். படகையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் எடப்பாடி வழி ஒன்றுதான்.

பத்திரக்காரர் எழுதியது:

எடப்பாடிப் பக்கம் பத்திரம் எழுதுகிறவன். ஆற்றோர ஓட்டு வீடு என்றால் பெரும்பாலும் நத்தம் நிலமாக, அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலமாக இருக்கும். நத்தம் பட்டா விற்கிறவர் பெயரில்தான் இருக்கிறதா, அவருடைய தாத்தா பெயரிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். தாத்தா பெயர் என்றால் அத்தனை வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். பெண் வாரிசுகளை விட்டுவிட்டு எழுதின பத்திரங்கள்தான் கோர்ட்டில் கிடக்கின்றன. வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

பின்னால் தென்னை ஏழெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தென்னை நிற்கிற இடமும் பட்டாவில் அடங்குகிறதா? வீடு பட்டா நிலத்தில் இருக்கும், தோட்டம் ஆற்றுப் புறம்போக்கில் இருக்கும். அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை சொல்வார்கள். புல வரைபடம் வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து கல் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். இந்த வீடு வேண்டாம், பக்கத்தில் மனை பார்க்கிறோம் என்றால் அங்கீகாரம் பெற்ற மனையா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் போட்ட அங்கீகாரம் இல்லாத மனை வரன்முறைக்கு வராது, பின்னால் அங்கீகாரம் வாங்க முடியாது.

பண்ணவாடிப் பேரன் எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் குடும்பம் ஆற்றங்கரையை விட்டுப் போகச் சொல்லப்பட்ட குடும்பம், அதனால் எழுதுகிறேன்.

1925இல் அணை வேலை ஆரம்பித்து 1934இல் முடிந்தது. நீர்த்தேக்கத்துக்குள் போன ஊர்களில் எங்கள் பாட்டனார் ஊரும் ஒன்று. இன்றைக்கும் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலையைக் காட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். கோடையில் ஜனங்கள் அதைப் பார்க்க வருவார்கள், பத்திரிகையில் படம் போடுவார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் போக மாட்டார்கள். பாட்டி சாகிற வரைக்கும் எங்கள் கிணறு, எங்கள் களம் என்று கை காட்டிப் பேசினது எல்லாம் தண்ணீருக்குள் இருந்த இடத்தைத்தான்.

புது இடத்தில் நிலம் கிடைத்தது, வீடும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒரே தெருவில் இருந்த பங்காளிகள் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்தது அதைத்தான், நிலத்தை அல்ல. இங்கே எல்லாரும் வெள்ளம், பட்டா, ஆஸ்பத்திரி என்று பேசிவிட்டோம். உங்கள் மாமியாரைக் கேட்டீர்களா அம்மா? அவருக்கு வேண்டியது என்ன என்று அவர் வாயால் சொன்னாரா?

பதினாறு கண் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி.

அம்மாபேட்டை மருமகள் எழுதியது:

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். நேராக அத்தையிடம் போய் உட்கார்ந்து கேட்டேன்.

அவர் ஆற்றைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா தனியாக் கெடக்கறா. அவளுக்கும் நான்தான், எனக்கும் அவதான்" என்றார். சரி, இந்த வீட்டை விற்கலாமா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. எங்கள் முன் அறையில் இப்போது என் தையல் மெஷின் இருக்கும் இடத்தில்தான் மாமனார் தறிக்குழி இருந்தது. அதை மூடித் தளம் போட்ட அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்த வீட்டை வேறு ஒருவர் பெயரில் எழுதும் காட்சியை அவரைப் பார்க்க வைக்க எனக்கு மனசு வராது.

பூலாம்பட்டிக்கும் போய் அந்த வீட்டைப் பார்த்தோம். மேட்டூர் ஐயா சொன்னபடி மர அலமாரியை நகர்த்தச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தயங்கினார், நானே பிடித்து இழுத்தேன். பின்னால் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் கோடு, சுவர் முழுக்க ஒரே மட்டம். தட்டினதும் காரை கையோடு வந்தது. விற்கிறவர் மழைச் சாரல் என்றார். டீக்கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. தென்னையில் மூன்று மரம்தான் பட்டாவுக்குள் வருகிறது, மிச்சம் புறம்போக்கு. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

மகனும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டான். பிளஸ் டூ முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடம் மாற மாட்டானாம். அவன் சொல்வதும் நியாயம்தான். எடப்பாடியில் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. ஆனால் பதினொன்றாவதில் புது வாத்தியார், புது கூட்டாளிகள் என்று அவனைத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை.

அதனால் இப்போதைக்கு இப்படி யோசிக்கிறோம். சேலம் வீடு இருக்கட்டும். பூலாம்பட்டியில் ஆற்றோரம் வேண்டாம், மேட்டில் பஸ் வருகிற ரோட்டுக்குப் பக்கமாக ஒரு வாடகை வீடு. பெரியம்மாவையும் அங்கேயே கூட்டிக்கொள்கிறோம், அக்கா தங்கை ஒன்றாக இருக்கட்டும். நான் மெஷினோடு அங்கே இருப்பேன். அவரும் மகனும் சேலத்தில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் வருவார்கள். அவர் வேலை குறைவான வாரங்களில் அவர் அங்கே, நான் இங்கே. பையன் பிளஸ் டூ முடித்ததும் மறுபடி பேசிக்கொள்வோம்.

கதவணைக்கரை தம்பி, மேட்டில் வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா? தரைத்தளம் வேண்டும், பெரியம்மாவுக்கு முட்டி வலி.

வார்டு சிஸ்டர் எழுதியது:

இது நல்ல ஏற்பாடு அக்கா. ராத்திரியில் ஒரே அறையில் இரண்டு பேரையும் படுக்க வையுங்கள். ஒருவருக்கு ஏதாவது என்றால் இன்னொருவர் குரல் கொடுப்பார். உங்கள் ஃபோனை சைலன்டில் போடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்று பெரியம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். சர்க்கரை டப்பா அவர் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

சங்ககிரி லாரி எழுதியது:

சாமான் ஏற்ற வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள் அக்கா. தெரிந்த பையன் இருக்கிறான், தையல் மெஷினைப் பத்திரமாக இறக்குவான்.

கதவணைக்கரை எழுதியது:

அக்கா, இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம்தான், தரைத்தளம், இரண்டு அறை. 2022 தண்ணீருக்கு அந்தத் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது ஆற்றோரத்துக்காரர்கள் சாமானைக் கொண்டு வந்து வைத்ததே அங்கேதான். பைப்புத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், தொட்டி இருக்கிறது. பின்னால் கிணற்றில், மேட்டூரிலிருந்து வருகிற கிழக்குக்கரை வாய்க்கால் ஓடுகிற மாதங்களில் தண்ணீர் மேலேயே நிற்கும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் நடுவரை திறப்பார்கள். கோடையில் அடியில் போய்விடும், மோட்டார் போட்டால்தான் வரும்.

பாத்ரூம் வழுக்குகிற தரை. அதை மாற்றிக் கைப்பிடி வைத்துத் தருவதானால் அக்கா வருவார் என்று ஓனரிடம் சொன்னேன், சரி என்றார். ஆனி பிறந்துவிட்டால் குடிபோக மாட்டீர்கள். அதனால் வைகாசி முகூர்த்தத்துக்குள் ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து பால் காய்ச்சிவிடுங்கள். இரண்டு பாட்டிகளையும் கூட்டி வந்து வீட்டைக் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது.